பதினாலாம் நம்பர் ரத்தம்

மெஷினோட கை குனிஞ்சு, கோழி கொத்துற மாதிரி கிண்ணத்துக்குள்ள மூக்கை விட்டு, ஒரு சொட்டை உறிஞ்சிக்கிட்டு நிமிந்துச்சு. நாலாம் நம்பர். அக்பேனே எழுந்திரிச்சா. எழுந்து என்ன பண்றதுன்னு தெரியல, ஜன்னல் வரைக்கும் போனா, திரும்பி வந்தா, உக்காந்தா. "டாக்டர், நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா மெஷின் வேகமா ஓடிடுமா?"ன்னான் கோஜோ. லேப்ல அவகிட்ட ரொம்ப வருஷமா வேலை பாக்கிறவன், கொஞ்சம் வாய் நீளம். "இடுப்பு வலிக்குதுப்பா, அதான்"ன்னா. இடுப்பெல்லாம் ஒண்ணும் வலிக்கல. வெளியில வேப்பமரத்தடியில பெஞ்சு போட்டு இருபத்திரண்டு கர்ப்பிணிப் பொண்ணுங்க உக்காந்திருக்காங்க, அதுல ஒருத்தி அவ பெத்த பொண்ணு யாயிரா. இங்க தட்டுல வரிசையா நிக்கிற இருபத்திரண்டு கிண்ணத்துல ஏதோ ஒண்ணுல யாயிராவோட ரத்தம். எதுலன்னு தெரியாது. தெரியக் கூடாதுன்னு இவதான் கறாரா சொன்னா. காலையில கார்ல வரும்போதே, "நீ எந்த நம்பர்னு எங்கிட்ட சொல்லிடாதே"ன்னு சொன்னதுக்கு, அந்தப் பொண்ணு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "நான் எப்பம்மா உங்கிட்ட எதைச் சொன்னேன், நீ எப்ப கேட்டே"ன்னுச்சு. கரிக்குழாய்க்குள்ள அந்தச் சொட்டு காஞ்சு, புகைஞ்சு, பளிச்சுனு ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்துலதான் ரத்தத்துல இருக்கிற காரீயம் ஆவியாகி, எதிர்ல எரியற விளக்கோட ஒளியைக் கொஞ்சம் தின்னும். எவ்வளவு தின்னுச்சோ அதுதான் கணக்கு. திரையில மூணுன்னு வந்துச்சு. மூணு நல்லது. அஞ்சுக்குள்ள இருந்தா நிம்மதியா தூங்கலாம். நாலாம் நம்பர் யாரோ, அவ தூங்கட்டும். யாயிராவா இருக்குமோ? இருக்கலாம். மகராசியா இருக்கட்டும்னு நினைச்ச அடுத்த நிமிஷமே, அப்ப நல்ல நம்பர்ல ஒண்ணு செலவழிஞ்சு போச்சே, இது யாயிரா இல்லேன்னா மிச்சத்துல என்ன இருக்குமோன்னு மனசு வேற பக்கம் ஓடுச்சு. சீச்சீ, என்ன புத்தி இது.

எல்லாம் அந்த மண்ணால வந்த வினை. அயிலோன்னு பேரு. கானாவுல எந்த மார்க்கெட்டுக்குப் போனாலும் கூடை கூடையா வெச்சிருப்பாங்க, வெள்ளைக் களிமண்ணை இடிச்சு, பிசைஞ்சு, முட்டை மாதிரி உருட்டி, மூட்டம் போட்டு சுட்டு எடுத்தது. மசக்கை வந்துட்டா அது இல்லாம ஒருத்திக்கும் பொழுது விடியாது. கன்னத்துல அடக்கிக்கிட்டு ஊறப் போட்டாங்கன்னா குமட்டல் நிக்கும், எச்சில் நிக்கும், புருஷன் மேல வர்ற கோபம்கூட நிக்கும்னு சொல்வாங்க. காயலோரத்துல அக்பேனே பொறந்த ஊர்ல பாதிக் குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு. மண்ணுல தப்பில்ல. குழியில இருந்து எடுத்த பச்சை மண்ணை எத்தனையோ தடவை பாத்துட்டா, பால் மாதிரி சுத்தம். சுட்ட முட்டையிலதான் சிலது நல்லா இருக்கு, சிலது விஷமா இருக்கு. ஒரே கூடையில ஒண்ணு அப்படி, ஒண்ணு இப்படி. எதனாலன்னு மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடந்தப்ப, ஒரு நாள் சூளை பக்கத்துல நின்னு பாத்தா, மூட்டத்துக்கு உடைஞ்ச மீன்படகுப் பலகையைச் செருகிட்டிருந்தா ஒருத்தி. சிவப்பு, பச்சை, மஞ்சள்னு கோயில் தேர் மாதிரி வருஷா வருஷம் பெயின்ட் அடிச்ச பலகை. அந்தப் பெயின்ட்டுல இருந்த காரீயம் புகையில ஏறி மண்முட்டையில போய் உக்காந்துக்குது. விறகு விக்கிற விலையில பழைய பலகையை யாரு விடுவா? யாரைக் குத்தம் சொல்ல? அஞ்சாம் நம்பர் உள்ள போச்சு. யாயிராவுக்கு இது மூணாவது. முதல் ரெண்டும் தங்கல. ஒண்ணு மூணு மாசத்துல, இன்னொண்ணு அஞ்சாம் மாசத்துல. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரி வராந்தாவுல, "ஏம்மா, எனக்கு மட்டும் ஏம்மா?"ன்னு அது கேட்டப்ப, நாட்டுல இருக்கிற அத்தனை தண்ணியையும் மண்ணையும் மீனையும் சோதிச்சுச் சொல்ற அக்பேனே, டாக்டரைப் பாத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டா. இப்ப அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறு. போன வாரம் அது கைப்பையைத் திறந்து சாவி தேடினப்ப, நாலு மண்முட்டை உருண்டு மேஜை மேல வந்துச்சு. "யாயிரா, இது என்னடி?" "என்னன்னு தெரியாதா உனக்கு? இதைப் பத்தித்தானே புத்தகமா எழுதற." "நான் எழுதறதைத்தான் படிக்கமாட்டே, காதுலயுமா விழல?" "நீயும்தானே தின்ன. நான் நல்லாத்தானே இருக்கேன்?" நல்லாத்தான் இருக்கே. இருக்கியா? நல்லா இருக்கேன்னு எதை வெச்சுச் சொல்றது? சின்ன வயசுல கணக்குப் பாடத்துல கொஞ்சம் மந்தமா இருந்துச்சே, அதுவா? சட்டுனு கோபம் வருமே, அதுவா? அஞ்சாம் நம்பருக்குத் திரையில வந்ததை அவ கவனிக்கல, "நாலு"ன்னு கோஜோ சத்தமா படிச்சான்.

ஆமா, அக்பேனேவும் மண்ணு தின்னவதான். மெட்ராஸ்ல வெச்சுத் தின்னா. ஸ்காலர்ஷிப்ல படிக்கப் போன இடத்துல, லீவுக்கு ஊருக்கு வந்துட்டுத் திரும்புறப்பவே வயித்துல யாயிரா. ஹாஸ்டல்ல கர்ப்பிணிக்கு இடமில்லேன்னுட்டாங்க, பெரம்பூர்ல ஒரு மாடி ரூம் எடுத்துக்கிட்டா. கீழ வீட்டுக்காரி சௌந்தரவல்லி. அவளுக்கும் அப்ப மாசம். அக்பேனேங்கிற பேரு அவ வாயில நுழையாம, முதல் நாளே "அக்கம்மா"ன்னு ஆக்கிட்டா. "அக்கம்மா, உங்க ஊர்ல சிங்கம் தெருவுல வருமாமே?"ன்னு கேப்பா. "எங்க தெருவுல ஆடுதான் வரும்"னா, ஏமாந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்குவா. ஊர்ல இருந்து அம்மா கொடுத்தனுப்பின மண்முட்டை தீந்து போயி, ஒரு மத்தியானம் பைத்தியம் பிடிச்ச மாதிரி மொட்டை மாடிக்கு ஏறினா, தண்ணித்தொட்டிக்குப் பின்னால சௌந்தரவல்லி திருட்டுப் பூனையாட்டம் குந்திக்கிட்டு, சிலேட்டுக் குச்சியைக் கடக் கடக்குனு கடிச்சுக்கிட்டிருக்கா. உதடெல்லாம் வெள்ளை. மடியில ஒரு பொட்டலம் விபூதி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. "மாமியார்கிட்ட சொல்லிடாத, அக்கம்மா"ன்னா அவ. "எனக்கும் கொஞ்சம் குடு"ன்னா இவ. அந்த நாள்ல இருந்து ரெண்டு பேரும் கூட்டு. புதுப் பானையை உடைச்சு ஓட்டை நக்கினாங்க, மழை பெஞ்சா சுவரோரம் நின்னு மோந்து பாத்தாங்க. சொல்லப் போனா மண்ணு திங்கிறதைப் பத்தி அவ இத்தனை வருஷம் எழுதின எழுத்துக்கெல்லாம் அந்தத் தண்ணித்தொட்டிதான் பிள்ளையார் சுழி. ஆறாம் நம்பரும் நாலு. ஏழு, அஞ்சரை. அஞ்சரைன்னா கொஞ்சம் பாக்கணும், பயப்பட வேண்டியதில்ல. அஞ்சரை யாயிராவா இருந்தா போதும், அஞ்சரையோட போனா காயல்ல இறங்கி முழுக்குப் போடலாம்.

அந்த சௌந்தரவல்லி வீட்டு ரசச்சொம்புக் கதை வேற இருக்கு. ஈயச்சொம்புல ரசம் வெச்சாத்தான் ரசம்னு சாதிப்பா அவ, மாடி வரைக்கும் வாசனை வரும், ஒரு டம்ளர் தினம் அக்கம்மாவுக்கு. குடிச்சுக் குடிச்சு ஒரு நாள் திடீர்னு, ஈயம்னா எந்த ஈயம், வெள்ளீயமா காரீயமான்னு சந்தேகம் வந்துடுச்சு. படிக்கிறது ரசாயனமாச்சே. சொம்போட அடியில நகக்கண் அளவு சுரண்டி, லேப்புக்குக் கொண்டு போய் அமிலத்துல கரைச்சுப் பாத்தா, பாதிக்குப் பாதி காரீயம். தெருவுல கூவி வித்தவன்கிட்ட வாங்கினதாம், தேஞ்ச சொம்பைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கினாளாம், பளபளன்னு இருந்துச்சாம். அதைப் போய்ச் சொன்னப்ப சௌந்தரவல்லிக்கு வந்துச்சே கோபம். "என் கையால ரசம் குடிச்சுட்டு எனக்கே விஷம்னு சொல்றியா?" பேச்சை நிறுத்திட்டா. மாடிப்படியில எதிர்ல வந்தா சுவரைப் பாத்துக்கிட்டுப் போவா. ஒரு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை, கதவைத் தட்டி ஒரு சாக்குப்பையைத் தடால்னு வெச்சா. தெருவுல இருந்த அத்தனை வீட்டு ரசச்சொம்பும் உள்ள. "எனக்கு மட்டும் சொன்னா எனக்கு அவமானம். எல்லாத்தையும் பாரு"ன்னா. பாத்தா. அதுவரைக்கும் எழுதிட்டிருந்த ஆராய்ச்சி என்னவோ ஒரு பூவோட சாயம், புரொபசருக்குப் பிடிச்ச பூ. அதை முடிச்சதும் உண்டு, பட்டம் வாங்கினதும் உண்டு. ஆனா மனசு அந்தச் சாக்குப்பைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு, இன்னி வரைக்கும் வெளிய வரல. எட்டு போச்சு. ஒன்பது. வெளியில யாரோ சிரிக்கிறாங்க, புளிச்ச சோளமாவுக் கொழுக்கட்டை, அந்தக் கெங்கே விக்கிறவ வந்திருப்பா. மீன் பொரிச்ச வாசனை வருது. அதுங்க சாப்பிடட்டும். காலையில சாப்பிடாம வரச் சொன்னோமா, இல்லையே? யாயிரா சாப்பிட்டுச்சா?

ஊருக்குத் திரும்பி வந்து பல்கலைக்கழகத்துல சேந்த புதுசுல தராசு இருக்கும், எடைக்கல் இருக்காது. அமிலம் இருக்கும், கையுறை இருக்காது. கரண்ட் வர்ற நாள்ல தண்ணி வராது. ஆனாலும் பாடம் நடத்தினா, பசங்க ஜன்னல்ல தொங்கிக்கிட்டுக் கேப்பாங்க. துறைத்தலைவர்னு ஒரு மனுஷன், டெட்டேன்னு பேரு, டையை இறுக்கிக் கட்டிக்கிட்டு மூச்சு விட முடியாத மாதிரியே பேசுவார். "டாக்டர் அக்பேனே, மார்க்கெட்ல பொம்பளைங்க மண்ணு திங்கிறதெல்லாம் எப்ப ரசாயனம் ஆச்சு? மூலக்கூறு எங்கே?" "மூலக்கூறு அவங்க எலும்புல இருக்கு சார்"னா. கமிட்டியில சிரிச்சாங்க, பதவி உயர்வு மட்டும் கொடுக்கல. ரெண்டு தடவை கொடுக்கல. சுகாதார இலாகாவுக்குப் போனா, "நீங்க ரசாயனக்காரங்க, டாக்டர் இல்லையே, உங்களை எந்த நாற்காலியில உக்கார வைக்கிறது?"ன்னு கேட்டாங்க. அங்க இவ ரசாயனக்காரி, இங்க இவ மார்க்கெட்டுக்காரி. ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல நின்னுக்கிட்டே முடி நரைச்சுப் போச்சு. எங்கேயோ வெளிநாட்டுல தூக்கிப் போட இருந்த இந்த மெஷினைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, துறைமுகத்துல மாசக்கணக்கா கிடந்ததை மீட்டு, இந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூம்ல கொண்டாந்து வெக்கிறதுக்குள்ள யாயிரா பள்ளிக்கூடம் முடிச்சுட்டு நின்னுச்சு. அது எப்ப வளந்துச்சு? ஒரு நாடகத்துல அது மரமா நடிச்சுச்சாம். மரத்துக்கு வசனம் இருந்துச்சாம், ஒரே ஒரு வரி. வர்றேன்னு சொல்லிட்டு, மின்சாரம் வந்துடுச்சேன்னு இவ லேப்ல இருந்துட்டா. வீட்டுக்குப் போனா அது இலையெல்லாம் ஒட்டின சட்டையோடயே தூங்கிக் கிடக்கு. என்ன வசனம்னு இன்னி வரைக்கும் தெரியாது. இத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டா சிரிக்கும். சிரிச்சா பரவால்ல, சிரிக்காம இருந்துட்டா? பத்து, மூணு. பதினொண்ணு, ஆறு. விளக்கு ஒரு தடவை கண்ணடிச்சுச்சு. "கரண்டு போகுதா?" "இல்ல டாக்டர், ஃப்ரிட்ஜ் ஆன் ஆச்சு." "ஃப்ரிட்ஜைப் பிடுங்குடா." "உள்ள ரத்தம் இருக்கு டாக்டர்." "சரி சரி, பிடுங்காத."

ஏன் நம்பர், ஏன் பேரில்லை? மொத மொதல்ல பேரெழுதித்தான் ஆரம்பிச்சாங்க. பேரை எழுதறதைப் பாத்ததும் பொண்ணுங்க முகம் மாறிச்சு. புருஷன்கிட்ட போகுமா, பாதிரியார்கிட்ட போகுமா, அந்த வியாதிக்குப் பாக்கிறாங்களோ. அடுத்த வாரம் பெஞ்சுல ஈ ஓட்டினாங்க. அப்புறம்தான் அக்பேனே யோசிச்சு, பேரே வேண்டாம்னு வெச்சா. கோஜோ பழைய மஞ்ச எண்ணெய் கேனை வட்ட வட்டமா வெட்டி, சூடு போட்ட ஆணியால நம்பர் பொறிச்சு டோக்கன் செஞ்சான். ஊசி குத்தும்போது டோக்கன்ல இருக்கிற நம்பர்தான் குழாய்லயும். டோக்கனைக் கையில கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கோங்க, அப்புறமா நம்பர் சொல்லிக் கூப்பிடுவோம்"னு சொல்லி உக்கார வைப்பான். எங்கேயும் எழுத்து கிடையாது. டோக்கன் யாருகிட்ட இருக்கோ அவளுதுதான் ரத்தம். பொண்ணுங்க வந்தாங்க. யாரு என்னன்னு தெரியாம பாக்கிறதுல இன்னொரு நல்லதும் இருக்கு. கண்ணு எதை ஆசைப்படுதோ அந்தப் பக்கம் முள்ளு ஒரு நூல் சாயும், இதை அவ பாடமாவே நடத்தியிருக்கா. நம்ம கை நமக்குத் தெரியாம நமக்கு லஞ்சம் கொடுக்கும்னு சொல்வா, பசங்க எழுதிக்குவாங்க. இப்ப அவ கை ஒண்ணும் பண்ணல, மெஷின்தான் பண்ணுது, ஆனா உள்ளுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஒருத்தி ஏலம் போட்டுக்கிட்டே இருக்கா. பன்னெண்டு, நாலு. வாங்கிக்கோ. பதிமூணு, அஞ்சு. வாங்கிக்கோ. கெட்ட நம்பர் ஒண்ணு எப்படியும் வரும், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யுது, வந்தா அது அந்தக் கோடியில உக்காந்திருக்கிற சின்னப் பொண்ணோடதா இருக்கட்டும், அவளுக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்குவா. இப்படித்தான் நினைச்சா. நினைச்சது தன் குரல்லயே காதுல கேட்டுச்சு. ஜன்னல்ல போய் நின்னு அந்தச் சின்னப் பொண்ணைப் பாத்தா. நீலத்துணி கட்டிக்கிட்டு, காலை ஆட்டிக்கிட்டு, கெங்கேயை உரிச்சு வாயில போட்டுக்கிட்டிருக்கு. அதுக்கும் ஒருத்தி அம்மா இருப்பாளே. அவ இப்ப எங்கேயாவது மீனை வெட்டிக்கிட்டு, தன் பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னு நினைச்சுக்கிட்டிருப்பா. அவளுக்கு இந்த ரூம் தெரியாது, இந்த ஏலம் தெரியாது. ஏலத்துல அவ சார்பா கேக்க ஆளில்ல.

மெஷின் கை குனிஞ்சுச்சு. பதினாலு. காஞ்சுச்சு, புகைஞ்சுச்சு, பளிச். கோஜோ படிக்காம திரையை அவ பக்கம் திருப்பினான். திரையில அம்பத்தி ஒண்ணுன்னு நின்னுச்சு. "அழுக்கா இருக்கும்"ன்னா அக்பேனே. அவ குரலா அது? "கிண்ணத்துல ஏதாவது ஒட்டியிருக்கும். திரும்பப் போடு. வெறும் தண்ணியை ஒரு தடவை ஓட்டிட்டுப் போடு." வெறும் தண்ணி, பூஜ்யம். மெஷின் நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு காரீயம்னு முன்னாடியே அளந்து வெச்ச ரத்தம் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டாங்க, சொல்லி வெச்ச மாதிரி சரியா வந்துச்சு. மறுபடி பதினாலு. அம்பத்தி ரெண்டு. அந்த அளவுக்கு ரத்தத்துல ஏறிட்டா நாளைக்கு வா நாளன்னைக்கு வான்னு சொல்ல முடியாது, இன்னிக்கே ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு மருந்து ஆரம்பிக்கலாமான்னு டாக்டர்கிட்ட ஓடணும், உள்ள இருக்கிற குழந்தைக்கு மருந்து ஆகுமா ஆகாதான்னு பாக்கணும், எலும்புல இருந்து இன்னும் எவ்வளவு கரைஞ்சு வருமோ. ரெண்டு தடவை தங்கலையே. ஏன்னு கேட்டுச்சே. இதானா? இதுக்குப் பதிலா? கைப்பையில உருண்ட அந்த நாலு முட்டை, சாம்பல் பூத்து, ஒண்ணுல மட்டும் ஓரத்துல கறுப்பா ஒரு தீற்றல். அதை எடுத்துச் சோதிச்சிருக்கலாமே? ஏன் எடுக்கல? பயம். வேறென்ன. மிச்ச எட்டையும் கோஜோ வேகமா ஓட்டினான், எல்லாம் ஒழுங்கு, மூணும் நாலும் அஞ்சும். ஒவ்வொண்ணும் ஒழுங்கா வர வர அக்பேனே விரல் விட்டு எண்ணினா. ஒழுங்கெல்லாம் மத்தவங்களுக்குப் பங்கு போட்டாச்சு, மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்னு தோணிச்சு. இருபத்திரண்டுல ஒண்ணு. அது ஒண்ணும் பெரிய வாய்ப்பில்லைதான், பசங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கா. "நான் போய்க் கூப்பிடவா டாக்டர்?"ன்னான் கோஜோ மெதுவா. அவனுக்குத் தெரியும், பெஞ்சுல யாரு இருக்கான்னு. "இல்ல, நான் போறேன்."

வெயில் கண்ணைக் குத்துச்சு. பேச்சு அடங்கி எல்லாரும் நிமிந்தாங்க. யாயிரா நடுவுல உக்காந்திருக்கு, தலை குனிஞ்சு துணியோட முந்தியைச் சுருட்டிக்கிட்டு. அதைப் பாக்கக் கூடாதுன்னு வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டே, "பதினாலாம் நம்பர்"ன்னா. "பதினாலு யாரும்மா?" ஓரத்துல இருந்து ஒருத்தி துள்ளி எந்திரிச்சா. நல்ல உசரம், கையெல்லாம் மீன் மூட்டம் போட்ட கறுப்பு. மஞ்ச டோக்கனைத் தூக்கிக் காட்டிக்கிட்டு, பரிசு விழுந்த மாதிரி பல்லெல்லாம் தெரிய, "நான்தான் டாக்டர், அஃபி!"ன்னா. பேரு சொல்லக் கூடாதுங்கிறதெல்லாம் அவளுக்கு எங்க. அக்பேனேவோட உடம்புல எங்கேயோ ஒரு கதவு திறந்து வெந்நீர் ஓடுச்சு. யாயிரா இல்ல. யாயிரா இல்ல. பெஞ்சோட விளிம்பைப் பிடிச்சுக்கிட்டா. சந்தோஷம், வெக்கங்கெட்ட சந்தோஷம், கண்ணுல தண்ணியா வந்து நிக்குது, எதிர்ல அஃபி சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. இவளுக்குச் சொல்லணும், இவளை உக்கார வெச்சுக் கையைப் பிடிச்சுச் சொல்லணும். "இங்க வா அஃபி. எத்தனை மாசம்? மண்ணு நிறைய சாப்பிடுவியா?" "ஐயோ, எனக்கு அது ஆகவே ஆகாது டாக்டர், வாயில வெச்சாலே வாந்தி வரும்"ன்னா அஃபி. "இந்த ஊர்லயே மண்ணு திங்காத ஒரே கர்ப்பிணி நான்தான், எங்க அத்தை என்னைப் பொம்பளையே இல்லேங்கிறா." பெஞ்சு சிரிச்சுச்சு. அக்பேனே சிரிக்கல. "மண்ணே திங்கலையா? அப்ப இவ்வளவு எப்படி..." "எவ்வளவு? டாக்டர், சீக்கிரம் சொல்லிட்டு விடுங்க, அடுப்புல மீனைப் போட்டுட்டு வந்திருக்கேன். அதுக்குத்தானே டெலாலிகிட்ட கெஞ்சி இந்த நம்பரை வாங்கினேன். எனக்கு விழுந்தது இருபத்தி ஒண்ணு, சாயங்காலம் ஆயிடாதா?"

"வாங்கினியா?"ன்னா அக்பேனே. " ஊசி குத்தறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" "அப்புறம்தான்." டெலாலின்னு ஒருத்தி, ரோஜா கலர் துணி, குத்தம் பண்ணின மாதிரி எந்திரிச்சா. "நான் சும்மா கொடுத்தேன் டாக்டர், காசெல்லாம் வாங்கல. ஆனா எங்கிட்டயும் பதினாலு மொதல்ல இல்ல, எனக்கு ஒன்பது. ஒன்பதை அந்தக் கால் வீங்கின அக்காவுக்குக் கொடுத்தேன், பாவம் நிக்க முடியல." "எங்கிட்ட இருந்த பதினெட்டை நீதானே எடுத்துக்கிட்டே?" "பதினெட்டு இல்லடி, பதினாறு." "பஸ்ஸுக்குப் போறவளுக்குச் சின்ன நம்பர் கொடுக்கிறதுதானே முறை, எல்லா ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தானே செய்வோம்?" "நம்பர் சொல்லிக் கூப்பிடுவோம்னு இந்தத் தம்பிதான் சொன்னாரு!" வாசப்படியில நின்ன கோஜோ தலையில கை வெச்சுக்கிட்டான். மண்ணுல இருந்து எறும்பு கிளம்பின மாதிரி ஒரே பேச்சு, யாருக்கும் எதுவும் தெளிவா ஞாபகமில்ல, கெங்கே சாப்பிடும்போது ஒரு தடவை எல்லா டோக்கனையும் மடியில கொட்டிச் சிரிச்சு எடுத்துக்கிட்டாங்களாம். காலையில இருந்து இவங்க ஒருத்தருக்கொருத்தர் நல்லது பண்ணிக்கிட்டே இருந்திருக்காங்க. "யாயிரா, நீ?"ன்னா. இத்தனை நேரம் பாக்காத பொண்ணை இப்பத்தான் பாத்தா. "நானும் மாத்தினேம்மா"ன்னுச்சு அது. "மொதல்ல என்ன நம்பர்?" யாயிரா நெத்தியைச் சுருக்கி யோசிச்சுச்சு. "நீதான் அதை நினைக்கவே கூடாதுன்னுட்டியே. பதினொண்ணா, பதினாலான்னு... ரெண்டு கோடு மாதிரி ஏதோ இருந்துச்சும்மா. நான் சரியாப் பாக்கல." ஓடின வெந்நீர் நடுவழியில நின்னு ஆறிப் போச்சு. இந்த இருபத்திரண்டு வயித்துல ஏதோ ஒண்ணுல. அஃபியைத் தள்ளினா இருபத்தி ஒண்ணு. அவளையும்தான் ஏன் தள்ளணும், இருபத்தி ஒண்ணுங்கிறது அவ ஞாபகம்தானே, பலகையை எரிச்சு மீனுக்கு மூட்டம் போடறவளாச்சே அவ, மண்ணு திங்காட்டி என்ன, புகையைத் திங்கறாளே தினம். அந்த நீலத்துணிப் பொண்ணு வாயைப் பிளந்துக்கிட்டு இவளையே பாக்குது. ஏலம் போட்டவ உள்ள இன்னும் இருக்காளான்னு தேடிப் பாத்தா. இருந்தா, ஆனா என்ன கேக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னா. யாரு மேல தள்ளறது?

"கோஜோ, ஊசி டப்பாவை எடுத்துட்டு வா. எல்லாருக்கும் மறுபடி. இந்தத் தடவை நம்பரை டோக்கன்ல எழுதாத, கையில எழுது, முழங்கைக்குக் கீழ, மை போகாத மாதிரி." பெஞ்சு முழுக்கக் கூச்சல். "மறுபடியுமா?" "எங்க ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு விக்கிறீங்களா டாக்டர்?" "என் மீன் கரியாப் போகுது!" "அஃபி, யாரையாவது அனுப்பி அடுப்பை அணைக்கச் சொல்லு. நீ போகக் கூடாது. யாரும் போகக் கூடாது. உங்கள்ல ஒருத்தி ரத்தத்துல விஷம் நிறைய இருக்கு, யாருன்னு எனக்குத் தெரியல"ன்னா அக்பேனே, சத்தமா, ஒரே மூச்சுல. கூச்சல் நின்னுச்சு. ஒவ்வொருத்தியும் அடுத்தவளைப் பாத்தா, அப்புறம் குனிஞ்சு தன் வயித்தைப் பாத்தா. அப்பத்தான் அக்பேனே கவனிச்சா, பாதிப் பேருக்கு மேல ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கு. பேசினது, சிரிச்சது, சண்டை போட்டது எல்லாம் மண்ணை அடக்கிக்கிட்டுத்தான். வாசப்படியில தரை துடைக்கிற பக்கெட் இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு வந்து பெஞ்சோட முதல் ஆள்கிட்ட நீட்டினா. "வாயில இருக்கிறதைத் துப்பு." துப்பினா. அடுத்தவ, அதுக்கடுத்தவ. நீலத்துணிப் பொண்ணு கண்ணுல தண்ணியோட துப்பிட்டு, மடியில இருந்து இன்னும் ரெண்டு முட்டையை எடுத்துத் தானாவே போட்டுச்சு. யாயிராவுக்கு முன்னால அக்பேனே வந்து நின்னா. யாயிரா நிமிந்து அம்மாவைப் பாத்துச்சு, விரலை விட்டுக் கன்னத்துல இருந்து கரைஞ்ச துண்டை எடுத்து, பக்கெட்டுல போட்டுச்சு. அக்பேனே அதோட தலையில ஒரு நொடி கையை வெச்சா, எடுத்தா, பக்கெட்டை நகத்தினா. அடுத்தவ கால் வீங்கினவ, வாய் நிறைய மண்ணை வெச்சுக்கிட்டே குளறினா, "டாக்டர், இதுல உங்க பொண்ணு ஒண்ணு இருக்காமே, எது?"

"முதல்ல நீ துப்பு"ன்னா அக்பேனே.